மாலைக் கணக்கு

விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் தோழியர், எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம் என்று தெரிந்ததும் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். முதலாவது: "நீங்களே வளர்த்துட்டு, எப்படி அதையே சாப்பிடுவீங்க?" இரண்டாவது: "தீபாவளிக்கு எனக்கு ரெண்டு கோழி கொண்டு வர முடியுமா?" ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்பதும் உண்டு. இரண்டாவது கேள்விக்கு விலையைச் சொல்லிவிடலாம். முதலாவதற்குத்தான் பல்கலைக்கழகத்துக்கு வந்த நாள் முதல் சரியான பதில் சொல்ல முடியாமல் சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டபோது, இதையே எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

எங்கள் வீடு பேராக்கில், பீடோருக்கும் தாப்பாவுக்கும் இடையே, பழைய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலம். பாதியில் வாழை, மரவள்ளி, முருங்கை, பத்துப் பன்னிரண்டு கொய்யா மரங்கள். மீதியில் புல்லும் கோழிகளும். இரசாயன உரமில்லை, பூச்சிமருந்தில்லை. 'இயற்கைப் பண்ணை' என்று பலகை வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "பலகை வெச்சா வர்றவன் பலகையைத்தான் பார்ப்பான்" என்றார் அப்பா. அதனால் இன்றுவரை பலகை இல்லை.

கோழி எங்கள் குடும்பத்துக்குப் பாட்டி வழி வந்தது. அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் லயத்துக்குப் பின்னால் எப்போதும் பத்து இருபது கோழிகள் மேயுமாம். காலையில் வெட்டுக்குப் போகும்போது திறந்துவிடுவார். மாலையில் பஞ்சாரத்தில் அடைப்பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கொண்டைக்காரி, மொட்டைவால், கிராணி. கிராணி என்பது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் ஒரு வெள்ளைச் சேவல். உண்மையான கிராணியின் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு என்று சொல்லிச் சிரிப்பார். தோட்டம் கைமாறி லயங்களைக் காலி செய்தபோது, லாரியில் ஏற்றிய சாமான்களோடு மூங்கில் கூடையில் ஐந்து கோழிகளும் வந்தன. இன்று எங்கள் நிலத்தில் மேயும் கோழிகளில் சிலவற்றுக்காவது அந்த ஐந்தின் இரத்தம் இருக்கும் என்பது பாட்டி விட்டுப்போன நம்பிக்கை. அதை நாங்கள் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை.

பாட்டியின் கோழிகளில் ஒன்று மட்டும் தனி. அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அது பலியாகும். அதுவரை அதை யாரும் அடிக்கக்கூடாது, கல்லெறிந்து விரட்டக்கூடாது, கோபத்தில் ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது. அடுப்படிக்குள் புகுந்து அரிசியைக் கொத்தினால்கூட, "சாமி, வெளிய போங்க" என்றுதான் பாட்டி சொல்வாராம். சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "ஒன்னுக்குக் கொடுத்த மரியாதையை எல்லாத்துக்கும் கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்பார்.

அப்பா லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு முழுநேரமாகக் கோழி வளர்க்கத் தொடங்கியபோது செய்த முதல் தவறு, நிலத்தைச் சுத்தமாக வெட்டியதுதான். புல்வெளி என்றால் திடல்போல் இருக்க வேண்டும் என்று நினைத்து மரங்களையெல்லாம் எடுத்துவிட்டார். அழகான பச்சை வெளி. ஆனால், கோழிகள் வெளியே வரவே இல்லை. கொட்டகையின் நிழல் எவ்வளவு தூரம் விழுமோ அவ்வளவு தூரம் மட்டும் வந்து நின்றுகொண்டன. கொட்டகையைச் சுற்றியிருந்த மண் கட்டாந்தரையானது. தூரத்துப் புல் இடுப்பளவு வளர்ந்தது.

காரணம் எளிது. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது இன்றும் நம் தீபகற்பத்துக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் திரிகிறது. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹுத்தான்' என்பார்கள். புதருக்கும் மரத்துக்கும் அடியில் கிளறிப் பிழைத்த பறவை அது. தலைக்கு மேல் திறந்த வானம் இருந்தால் அதற்குப் பருந்தின் நினைவுதான் வரும். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரல் என்று கோழிகள் பிரித்துக் கத்துவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் அதைப் பாடத்தில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது, அப்பா இரண்டு குரலையும் வாயாலேயே செய்து காட்டினார். முதல் குரலுக்கு முற்றத்தில் இருந்த கோழிகள் எல்லாம் வாழையடிக்கு ஓடிவிட்டன. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு வாழையும் மரவள்ளியும் நட்டார். நிழல் வந்தது, கோழிகளும் வந்தன. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் அவற்றைத் தரையில்லாத நகரும் கூண்டில் விடுவார். மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்ட எட்டடிக்குப் பத்தடிக் கூண்டு. தினமும் காலையில் நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு கூண்டு நீளம் தள்ளி வைக்க வேண்டும். நேற்றைய இடத்தில் எச்சம் உரமாகும். இன்றைய இடத்தில் புதுப்புல்லும் புழுவும். ஒரே இடத்தில் விட்டால் எச்சம் புல்லைக் கருக்கிவிடும். குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் வரும். கூண்டை நகர்த்தும்போது ஓரமாக நிற்கும் குஞ்சின் கால் சட்டத்தில் மாட்டாமல் பார்க்க வேண்டும். அதனால் அது ஐந்து நிமிட வேலைபோல் தோன்றினாலும் இருபது நிமிடம் பிடிக்கும். பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட காலைகள் எத்தனையோ.

பல்கலைக்கழகத்தில் விலங்கு நலன் பற்றிய பாடத்தில்தான் 'ஐந்து சுதந்திரங்கள்' என்பதை முதன்முதலில் படித்தேன். ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1964இல் தொழிற்சாலைமுறைப் பண்ணைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது கிளப்பிய அதிர்ச்சியில் பிரிட்டன் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1965இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் இந்தக் கோட்பாடு. பசி தாகம் இல்லாமை, வசதிக்குறைவு இல்லாமை, வலி, காயம், நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம், அச்சமும் துயரமும் இல்லாமை. விடுமுறையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "இதுக்குப் போய் ஒரு குழு போட்டாங்களா?" என்றார் முதலில். பிறகு, "கடைசியில என்ன சொன்னே?" என்று கேட்டார். அச்சமில்லாமை என்றேன். "அதுதாம்மா கஷ்டம். மத்த நாலையும் காசு இருந்தா செஞ்சிடலாம்" என்றார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே பாடத்துக்காக ஒரு பெரிய பண்ணைக்கும் எங்களை அழைத்துச் சென்றார்கள். மூடிய கொட்டகை, ராட்சத விசிறிகள், ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். நம்மில் பலர் அவற்றை 'ஊசிக்கோழி' என்கிறோம். ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று நம்புகிறோம். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். உண்மை அதுவல்ல. அத்தனை கோழிக்கும் ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது. அதற்குத் தேவையும் இல்லை. பல தலைமுறைகளாக வேகமாக வளர்பவற்றையே தேர்ந்தெடுத்துப் பெருக்கியதன் விளைவு அது. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். எங்கள் கோழி அந்த எடையைத் தொட மூன்று நான்கு மாதம் ஆகும். நெஞ்சு வளரும் வேகத்துக்குக் கால் வளராததால் சில கோழிகள் நடக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தன. பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால், அன்று மதியம் சிற்றுண்டிச்சாலையில் நான் ஐந்து வெள்ளி கொடுத்துச் சாப்பிட்ட கோழிச்சோறு அங்கிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டுக் கோழியை அந்த விலைக்கு யாரும் கொடுக்க முடியாது. உலகிலேயே மிக அதிகமாகக் கோழி உண்ணும் நாடுகளில் ஒன்று நம்முடையது. அத்தனை பேருக்கும் வாழையடியில் மேய்த்துக் கொடுக்க நிலத்துக்கு எங்கே போவது? இதை ஒப்புக்கொள்ளாமல் எங்கள் பண்ணையைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

இயற்கை வளர்ப்பு என்றால் மருந்தே கூடாது என்று நானும் ஒரு காலத்தில் வீராப்புப் பேசியவள்தான். முதலாண்டு விடுமுறையில் அப்பா குஞ்சுகளின் கண்ணில் தடுப்புமருந்துச் சொட்டு விடுவதைப் பார்த்து, "இது இயற்கையாப்பா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நியூகாசல் நோய்க்கு மலாயில் 'சம்பார்' என்று பெயர். கொள்ளைநோய் என்று பொருள். பெயரைக் கேட்டால் நமக்கு இட்லிதான் நினைவுக்கு வரும். வந்துவிட்டால் இட்லி இறங்காது. கழுத்து திருகிக்கொள்ளும், பச்சையாகக் கழியும், இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். வந்த பிறகு மருந்தில்லை. தடுப்புமருந்து ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வருகிறது. கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எங்களிடம் அத்தனை குஞ்சுகள் ஏது? ஆகவே, அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருக்கும் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு குப்பி வாங்கும். அப்பா ஐஸ்பெட்டியை மோட்டாரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். நோய் வராமல் காப்பது ஒன்று, நோய் வராதிருக்க அன்றாடம் தீவனத்தில் மருந்தைக் கலந்து இடநெருக்கடியை மறைப்பது இன்னொன்று என்று எனக்குப் புரிய அந்த மோட்டார்ப் பயணங்கள்தான் உதவின.

2022ஆம் ஆண்டைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். தீவன விலை ஏறிக் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் முதல் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் தவித்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. நம் நாட்டுக் கோழி தின்னும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நான் அப்போது ஆறாம் படிவ மாணவி. பட்டணத்து வியாபாரி ஒருவர் வேனோடு வந்து, இருக்கும் கோழி எல்லாவற்றையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்ன தொகை என் மடிக்கணினிக்கும் கட்டணத்துக்கும் போதும். கோழிகளுக்கு அப்போது பத்து வாரம்தான். "இன்னும் ஆறு வாரம் ஆகணும் தவுக்கே" என்று அப்பா அனுப்பிவிட்டார். அம்மா அன்று இரவு முழுவதும் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். மறுநாள் காலை கூண்டை நகர்த்த நான் போகவில்லை. அப்பாவே தனியாக, ஒரு பக்கம் தூக்கி, சுற்றி வந்து மறுபக்கம் தூக்கி, நகர்த்திக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

இனி எழுதத் தயங்கும் பகுதி.

என் முதலாண்டு முடிந்த விடுமுறையில் அப்பாவுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மா அவரோடு தங்கிவிட்டார். வீட்டில் நானும் தம்பியும். கிளம்பும்போது, நடுங்கிக்கொண்டே அப்பா சொன்னது ஒன்றுதான்: "சாயங்காலம் எண்ணிட்டு அடை. மறந்துடாதே."

கோழியை அடைப்பது கடினமான வேலையே இல்லை. ஏழு, ஏழேகால் மணிக்கு வெளிச்சம் மங்கும்போது அவை தாமாகவே கொட்டகைக்குள் போய்க் கொம்புகளில் ஏறிக்கொள்ளும். இருட்டிய பிறகு கோழிக்குக் கண் தெரியாது. நாம் செய்ய வேண்டியது, டார்ச் அடித்து எண்ணுவது, கதவைச் சாத்துவது, கொக்கியைப் போடுவது. மூன்று நிமிட வேலை. அப்போது 64 கோழிகள் இருந்தன. முதல் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தேன். நான்காம் நாள் அப்பாவின் இரத்தத் தட்டுகள் ஏறிவிட்டன என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். மனம் இலேசானது. தோழி ஒருத்தி அழைத்தாள், பேசினோம், பேசினோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் போகலாம் என்று நாற்காலியில் சாய்ந்தவள் கண்விழித்தபோது மணி ஐந்தரை.

சேவல் கூவவில்லை. அதுதான் என்னை எழுப்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கொட்டகைக் கதவு நான் விட்டபடியே திறந்திருந்தது. மரநாயா, தெருநாய்களா என்று இன்றுவரை தெரியாது. மழை தடத்தைக் கழுவிவிட்டது. பசிக்குத் தின்றிருந்தால் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். செத்துக் கிடந்தவை 19. பெரும்பாலானவற்றில் கழுத்தில் மட்டுமே கடி. மூன்றைக் காணவில்லை. மிச்சமிருந்தவை கூரைச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கியிருந்தன. நான் அரிசி கொண்டுபோய்க் கூப்பிட்டும் இறங்கவில்லை. அவை என்னைப் பார்த்துப் பயந்தது அதுதான் முதல் முறை.

ஒன்று மட்டும் காயத்தோடு உயிராக இருந்தது. பழுப்புநிறப் பெட்டை. செட்டை கிழிந்து, முதுகுத்தோல் உரிந்து, வைக்கோலில் கிடந்தது. எடுத்து வந்து அட்டைப்பெட்டியில் வைத்தேன். மஞ்சள் அரைத்துப் போட்டேன், தண்ணீர் புகட்டினேன். அது குடிக்கவில்லை. பிழைக்காது என்று தம்பிக்குக்கூடத் தெரிந்தது. "அக்கா, முடிச்சிடலாமா?" என்று கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். என்னால் எப்படிக் கொல்ல முடியும்? ஐந்து சுதந்திரங்களைப் படித்தவள் நான்; கோழிக்காகக் கண்ணீர் விடுகிறவள். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தபடி இருந்தேன். காலை எட்டு, ஒன்பது, பத்து. அதன் கண் மூடித் திறக்கும். கால் இழுத்துக்கொள்ளும்.

பதினொரு மணிக்குப் பக்கத்து நிலத்துப் பாக்சிக் வந்தார். எங்களிடம் வாங்கும் மலாய்க் குடும்பங்களுக்கு வார இறுதியில் அறுத்துக்கொடுப்பவர் அவர்தான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். விடியற்காலையிலிருந்து என்றேன். "கெசியான்" என்றார். ஐயோ பாவம் என்று நாம் சொல்வதுதான். கோழியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். நான் எழுந்து நிற்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

ஐந்தரையிலிருந்து பதினொன்றுவரை. அந்தக் கோழிக்கு நான் காட்டிய இரக்கம் ஐந்தரை மணி நேரம்.

இரண்டு நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார். காரிலிருந்து இறங்கி நேரே கொட்டகைக்குத்தான் போனார். நான் பின்னால் நின்று அழ ஆரம்பித்தேன். கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "இப்போ எத்தனை?" என்றார். 41 என்றேன். "எண்ணியாச்சா, குத்துமதிப்பா?" எண்ணினேன் என்றேன். சரி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

கோழிகள் பழைய நிலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பல வாரம் முட்டையே இல்லை. இருட்டுவதற்கு முன்பே கூரைச் சட்டத்தில் ஏறிக்கொள்ளும், கொம்புக்கு வராது. அச்சம் என்பது காசு கொடுத்துத் தீர்க்க முடியாதது என்று அப்பா சொன்னது அப்போது புரிந்தது.

அடுத்த விடுமுறையில், அறுக்கக் கற்றுத்தாருங்கள் என்று நானே கேட்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்றார். "அவ கேட்கிறா" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

கற்றுக்கொள்ள வேண்டியது கத்தி பிடிப்பதை அல்ல, அதற்கு முந்தியவற்றை. முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தக்கூடாது. இருட்டிய பிறகே பிடிக்க வேண்டும். பகலில் துரத்திப் பிடித்தால் பிடிபடுவதற்குள் அது பாதி செத்துவிடும். இருட்டில் கொம்பிலிருந்து பழம் பறிப்பதுபோல எடுத்துவிடலாம். செட்டையை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக்கூடாது. பாக்சிக் தம் பங்குக்கு இரண்டு விஷயம் சொன்னார். கோழியின் கண்முன் கத்தி தீட்டக்கூடாது. ஒன்றின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது. அவர் மார்க்கம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. இத்தனை நாளும் ஏதோ காற்றுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றாக அந்தத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

முதல் கோழியை எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டியபோது அதன் நெஞ்சுத் துடிப்பு என் உள்ளங்கையில் தெரிந்தது. நான் நடுங்கினால் அதுவும் பதறும் என்று அப்பா சொன்னார். மூச்சை இழுத்துவிட்டு நின்றேன். அது என் கையில் அடங்கியது. அதன் பிறகே தலைகீழ்க் கூம்புக்குள் இறக்கினேன். கூம்பு இறுக்கமாக அணைத்துக்கொள்வதால் அது அடித்துக்கொள்வதில்லை. கத்தி நன்றாகத் தீட்டியிருந்தது. அவ்வளவுதான். இரத்தம் வடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், வேறு வேலை பார்க்கக்கூடாது என்பது அப்பாவின் விதி. நின்றேன். பிறகு 60 டிகிரிக்குச் சற்றே கூடிய வெந்நீரில் முக்கி இறகு பறித்தோம். கொதிக்கும் நீர் கூடாது. தோல் வெந்து கிழிந்துபோகும். அன்று ஆறு கோழிகள். நான் அறுத்தது ஒன்று.

அன்று மதியம் அம்மா கறி சமைத்தார். தோழியர் கேட்கும் கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. சாப்பிட்டேன். எலும்பில் ஒரு துணுக்குக்கூட விடாமல் சாப்பிட்டேன். வீசி எறிய மனம் வரவில்லை. விடுதியில் பாதி தின்று குப்பையில் போடும் கோழித்துண்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலைத் தோழியர் கஞ்சத்தனம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கூண்டை இப்போது தம்பியும் அப்பாவும் நகர்த்துகிறார்கள். கொட்டகைக் கதவுக்கு இரண்டாவது கொக்கி ஒன்றை அப்பா பொருத்தியிருக்கிறார். அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் இரவு ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு அழைப்பேன். தோழியர் நான் அப்பாவின் உடல்நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

நேற்று அழைத்தபோது 57 என்றார். முந்தாநாள் 58 ஆயிற்றே என்றேன்.

"ஒன்னு மரவள்ளிப் புதர்ல அடை உட்கார்ந்திருக்கு. பதினோரு முட்டை. தூக்கினா கொத்துது. மேல கூடையைக் கவுத்து, கல்லை வெச்சிருக்கேன்."

"எத்தனை கல்?"

"ரெண்டு" என்றார். சற்று நேரம் கழித்து, "இரு, இன்னொன்னு வெச்சிட்டு வர்றேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.